குடும்பம் தங்க ஓரிடம்

கோடை விடுமுறை வந்ததும் நகரம் பார்க்கப் புறப்படும் குடும்பங்கள் பல. இரயில் வண்டிக்குச் சீட்டு வாங்குவதற்கு முன்பே வீட்டில் ஒரு கேள்வி எழும். "போகிற ஊரில் எங்கே தங்குவது?" என்பதே அக்கேள்வி. தந்தையார் வாடகையைப் பற்றிக் கவலைப்படுவார். தாயார் தண்ணீரையும் கழிவறையையும் கதவின் தாழ்ப்பாளையும் பற்றிக் கேட்பார். பாட்டியார் மாடிப்படி எத்தனை என்று விசாரிப்பார். வீட்டுக் கூடத்தில் பேசித் தீர்க்கும் சிறு செய்தி போல இது தோன்றும். ஆயினும் இக்கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு பெரிய நாட்டின் சட்டமன்றமும் உச்ச நீதிமன்றமும் இதற்கு விடை கூற வேண்டி வந்தது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

வரலாறு கற்பிப்பதில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் எங்களுக்கு ஒரு முறையைச் சொல்லித் தந்தார்கள். அரசர்களின் பட்டியலிலிருந்து மட்டுமன்றி, ஒரு வீட்டின் வரவு செலவுக் கணக்கிலிருந்தும் வரலாற்றுப் பாடத்தைத் தொடங்கலாம் என்பது அம்முறை. இன்றும் அவ்வாறே தொடங்குகின்றேன். நமது களம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். காலம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி. ஊர்கள் மூன்று: தலைநகராகிய வாஷிங்டன், டென்னசி மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள மெம்பிஸ், ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகராகிய அட்லாண்டா.

முதலில் அந்நாட்டில் விடுதிகள் வளர்ந்த விதத்தைச் சிறிது பார்ப்போம். இரயில் பாதைகள் பெருகிய காலத்தில் பெரிய ஓட்டல்கள் நகரத்தின் நடுவில், நிலையத்தை அடுத்து எழுந்தன. அங்கே மிகுதியாகத் தங்கியவர்கள் வாணிகத்தின் பொருட்டு ஊர் ஊராகச் செல்லும் ஆடவர்கள். பின்னர் மோட்டார் வண்டி வந்தது. போர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' என்னும் வண்டி 1908 முதல் 1927 வரை சுமார் 1 கோடியே 50 லட்சம் செய்யப்பட்டது. நடுத்தரக் குடும்பங்களும் சொந்த வண்டியில் ஊர் பார்க்கப் புறப்பட்டன. சாலைப் புழுதி படிந்த உடையோடும், தூங்கி வழியும் குழந்தைகளோடும் நகரத்துப் பெரிய ஓட்டலின் பளிங்குக் கூடத்தில் போய் நிற்க அக்குடும்பங்கள் கூசின. ஆகவே சாலையோரத்தில் சிறு குடில்களும் முகாம்களும் தோன்றின. 1925 டிசம்பரில் கலிபோர்னியாவிலுள்ள சான் லூயிஸ் ஒபிஸ்போ என்னும் ஊரில் ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் இத்தகைய விடுதி ஒன்றைத் திறந்தார். மோட்டார், ஓட்டல் என்னும் இரண்டு சொற்களையும் ஒட்டி 'மோட்டல்' என்ற புதுச் சொல்லை அதற்குச் சூட்டினார். வண்டியை அறையின் வாசலிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பது அதன் வசதி.

இத்தகைய விடுதிகள் நாடெங்கும் பெருகின. ஆனால் ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கவில்லை. ஓர் ஊரில் தூய படுக்கை கிடைக்கும். அடுத்த ஊரில் மூட்டைப்பூச்சி கிடைக்கும். 1940-இல் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் தலைவராயிருந்த எட்கர் ஹூவர், சாலையோர முகாம்கள் பல குற்றவாளிகளின் புகலிடமாக இருக்கின்றன என்று மாத இதழொன்றில் எழுதினார். குழந்தைகளை அழைத்துக்கொண்டு செல்லும் தாயாருக்கு அச்சம் தோன்றாதா? அக்காலத்தில் டங்கன் ஹைன்ஸ் என்ற பயண விற்பனையாளர், தாம் நம்பத்தக்கவை எனக் கண்ட தங்குமிடங்களைத் தொகுத்து 1938-இல் ஒரு கையேடு வெளியிட்டார். அதனை மக்கள் விரும்பி வாங்கினார்கள். நல்ல விடுதி எது என்று அறிய ஒரு புத்தகமே வேண்டியிருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு புத்தகத்தைப் பற்றியும் பின்னர்ச் சொல்லப்போகின்றேன்.

1951-ஆம் ஆண்டுக் கோடையில் மெம்பிஸ் நகரிலிருந்து ஒரு குடும்பம் வாஷிங்டன் பார்க்கப் புறப்பட்டது. குடும்பத் தலைவர் கெம்மன்ஸ் வில்சன். வீடு கட்டி விற்பது அவர் தொழில். 1913-இல் பிறந்த அவர் கைக்குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, தாயாரின் உழைப்பால் வளர்ந்தவர். இளமையில் திரையரங்கில் சோளப்பொரி விற்றுப் பொருள் ஈட்டியவர். காரில் அவரும் மனைவியாரும் ஐந்து குழந்தைகளும் இருந்தனர். வழியில் தங்கிய விடுதிகளில் அவருக்கு ஓர் அனுபவம் ஏற்பட்டது. அறைக்கு ஒரு வாடகை கூறிவிட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் 2 டாலர் கூடுதலாகக் கேட்டனர். குழந்தைகளுக்குத் தனிக் கட்டில் இல்லை. பெற்றோரின் அறையில் தரையில் படுத்துக்கொண்டாலும் அதே கட்டணம். ஐந்து குழந்தைகளுக்கு ஓர் இரவுக்கு 10 டாலர்! ஐந்தாம் வகுப்பு மாணவனும் போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கு வில்சனைச் சினங்கொள்ளச் செய்தது. இனிக் குழந்தைக்குக் கட்டணம் வாங்காத விடுதியை நானே கட்டுவேன் என்று மனைவியாரிடம் கூறினார். திரும்பும் வழியில் தாம் தங்கிய அறைகளை நாடாவால் அளந்து பார்த்துக் குறித்துக்கொண்டார்.

1952 ஆகஸ்டு மாதத்தில் மெம்பிஸ் நகரில் சம்மர் அவென்யூ என்னும் சாலையில் அவருடைய முதல் விடுதி திறக்கப்பட்டது. அதில் 120 அறைகள் இருந்தன. குளிர்சாதனம், தொலைபேசி, தொலைக்காட்சி, நீந்துவதற்குக் குளம், வண்டி நிறுத்த இலவச இடம் ஆகியவை அங்கே அமைந்தன. பெற்றோருடன் ஒரே அறையில் தங்கும் சிறுவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பது அதன் விதி. வரைபடம் எழுதிய எடி புளூஸ்டீன் என்பவர், 1942-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் பெயரை அந்தப் படத்தாளின் மேல் எழுதிவைத்திருந்தார். அப்பெயரே விடுதிக்கும் நிலைத்தது. 'ஹாலிடே இன்' என்று உலகெங்கும் இன்று அறியப்படும் பெயர் அதுதான்.

இந்த ஏற்பாடு ஏன் வெற்றி பெற்றது என்பதைப் பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் சிந்திக்க வேண்டும். பெற்றோரின் அறையிலேயே உறங்கும் குழந்தையால் விடுதிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் அக்குழந்தைக்குக் கட்டணம் வாங்கினால் பெற்றோர் வண்டியை அடுத்த விடுதிக்குத் திருப்பிவிடுவர். மேலும், கட்டணம் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் குடும்பம் தன் பயணத்திற்குத் திட்டம் வகுக்க முடியும். இரவு பத்து மணிக்கு விடுதி வாசலில் நின்று பேரம் பேச எந்தத் தாயும் விரும்பமாட்டாள். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே அளவுள்ள அறை, ஒரே வகை வசதி, ஒரே வகை விதி என்ற உறுதியைத்தான் வில்சன் விற்றார். வாலஸ் ஜான்சன் என்ற மற்றொரு கட்டட வணிகரைக் கூட்டாளியாகக் கொண்டு, பிற ஊர்களில் உள்ளோருக்கும் அப்பெயரையும் முறையையும் உரிமமாக வழங்கினார். 1956-இல் 41,000 மைல் நீளமுள்ள நெடுஞ்சாலைகளை அமைக்க அமெரிக்க அரசு சட்டம் இயற்றியது. சாலை சென்ற இடமெல்லாம் விடுதியும் சென்றது. 1968-இல் ஆயிரமாவது விடுதி டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் திறக்கப்பட்டது.

இவ்விடத்தில் நிறுத்திவிட்டால், ஒரு தந்தையின் கோபம் ஒரு பெருந்தொழிலான கதையாக இது முடிந்துவிடும். ஆனால் வரலாறு பயில்வோர் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். குடும்பத்துக்கு ஏற்ற விடுதி என்கிறோமே, எந்தக் குடும்பத்துக்கு? அன்றைய மெம்பிஸ் நகரில், ஏன், தென்மாநிலங்கள் அனைத்திலும், வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பின மக்கள் ஒரு பக்கம் என்று பள்ளி, பேருந்து, உணவுக்கூடம், தங்குமிடம் எல்லாம் பிரிக்கப்பட்டிருந்தன. கறுப்பினக் குடும்பம் ஒன்று, அதே போன்ற காரில், அதே போன்ற ஐந்து குழந்தைகளுடன், கையில் பணத்தோடும் வந்தாலும் வெள்ளையர் விடுதியின் கதவு திறக்கப்படவில்லை. வில்சன் குடும்பத்துக்கு நேர்ந்த தொல்லை குழந்தைக்கு 2 டாலர். இவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அறை இல்லை. வட மாநிலங்களிலும் எழுதப்படாத வழக்கமாக இதே மறுப்பு பல இடங்களில் நிலவியது. பொழுது சாய்ந்தபின் கறுப்பினத்தவர் எவரும் ஊர் எல்லைக்குள் இருக்கக்கூடாது என்று விரட்டிய ஊர்களும் இருந்தன. இருட்டுவதற்குள் தங்குமிடம் கிடைக்குமா என்பது அக்குடும்பத்துக்கு உயிரைப் பற்றிய கேள்வி.

முன்பு குறிப்பிட்ட இரண்டாவது புத்தகம் இங்கே வருகின்றது. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் விக்டர் கிரீன் என்றொரு தபால்காரர் வாழ்ந்தார். அண்டை மாநிலமாகிய நியூ ஜெர்சியில் கடிதம் வழங்குவது அவர் வேலை. 1936-இல் அவர் ஒரு சிறு கையேட்டை அச்சிட்டார். கறுப்பினப் பயணிகளை எந்த விடுதி ஏற்றுக்கொள்ளும், எந்த உணவுக்கூடம் சோறிடும், எந்த நிலையத்தில் பெட்ரோல் கிடைக்கும், எந்தக் கடையில் முடி திருத்துவார்கள் என்ற விவரங்கள் அதில் இருந்தன. முதற்பதிப்பு நியூயார்க் சுற்று வட்டாரத்தை மட்டும் கூறியது. பின்னர் நாடு முழுவதையும் தழுவி வளர்ந்தது. 'கிரீன் புக்' என்று மக்கள் அதனை அழைத்தனர். எஸ்ஸோ என்னும் பெட்ரோல் நிலையங்களிலும் அது கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது சில ஆண்டுகள் நின்று, போர் முடிந்தபின் மீண்டும் வெளிவந்தது. அதில் பெரிய ஓட்டல்கள் சிலவே. மிகுதியாக இருந்தவை 'சுற்றுலா வீடுகள்' எனப்பட்டவை. ஓர் ஊரில் தங்க விடுதியே இல்லையென்றால், அவ்வூரில் உள்ள ஒரு தாயார் தம் வீட்டின் ஓர் அறையைச் சிறு வாடகைக்கு ஒதுக்கித் தருவார். அவருடைய வீட்டு முகவரி அந்நூலில் இடம்பெறும். இப்படிப் பல ஊர்களில் முகந்தெரியாத குடும்பங்களுக்கு முகந்தெரியாத தாய்மார்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார்கள்.

கிரீன் தம் நூலின் முன்னுரையில் ஒரு விருப்பத்தைத் தெரிவித்திருந்தார். எல்லோரும் சமமாக நடத்தப்படும் காலம் வரும், அப்போது இந்நூல் தேவைப்படாது, இதனை நிறுத்திவிடலாம் என்பது அக்கருத்து. தம் நூல் விற்பனையாகாத நாளை எதிர்நோக்கிய பதிப்பாளர் அவர். 1960-இல் காலமானார். அந்த நாளை அவர் காணவில்லை.

விடுமுறைப் பயணம் அக்குடும்பங்களுக்கு எப்படி இருந்தது என்பதை 1963-இல் ராய் வில்கின்ஸ் என்ற தலைவர் அமெரிக்கச் செனட் சபையின் குழு முன் சாட்சியமாகக் கூறினார். செனட் உறுப்பினர்களை நோக்கி, நீங்கள் கறுப்பினத்தவர் என்று எண்ணிக்கொண்டு, குடும்பத்துடன் ஒரு நீண்ட மோட்டார் பயணத்துக்குத் திட்டமிட்டுப் பாருங்கள் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை மைல் ஓட்டுவீர்கள்? உங்கள் குடும்பம் எங்கே உண்ணும்? குழந்தைகள் எங்கே கழிவறைக்குப் போகும்? களைத்த பின்னும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பீர்களா? இத்தகைய வினாக்களை அவர் அடுக்கினார். பெருங்கொள்கைகளைப் பேசாமல், ஒரு தந்தை பயணத்துக்கு முதல்நாள் மனத்தில் போடும் கணக்கையே அவர் சபையின் முன் வைத்தார். பல குடும்பங்கள் கூடையில் உணவும், பாட்டிலில் நீரும், போர்வையும் எடுத்துக்கொண்டு, வண்டியிலேயே உறங்கிப் பயணம் செய்தன. கடற்கரை பார்க்கப் போகும் மகிழ்ச்சியிலிருக்கும் குழந்தைக்கு, நாம் ஏன் அந்த விடுதியில் நிற்கவில்லை என்பதை விளக்க வேண்டிய சுமையும் பெற்றோரையே சார்ந்தது.

இனித் தலைநகராகிய வாஷிங்டனுக்கு வருவோம். வில்சன் குடும்பம் பார்க்கச் சென்ற ஊர் அதுவே. அங்கே வெள்ளை மாளிகை இருக்கின்றது. அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கனின் நினைவாலயமும் இருக்கின்றது. ஆனால் 1950-இல் கறுப்பினத்தவர் ஒருவர் நகரின் நடுவிலுள்ள பெரும்பாலான உணவுக்கூடங்களில் அமர்ந்து உண்ண இயலாது. அவ்வாண்டு மேரி சர்ச் டெரல் என்னும் 86 வயது மூதாட்டியார் சில நண்பர்களுடன் தாம்சன் என்ற உணவுக்கூடத்துக்குச் சென்றார். அவருக்கு உணவு மறுக்கப்பட்டது. அவர் வழக்குக்கு வழிகோலினார். 1872, 1873 ஆகிய ஆண்டுகளில் அந்நகருக்காக இயற்றப்பட்ட சட்டங்கள், மரியாதையுடன் வரும் எவருக்கும் உணவு மறுக்கக்கூடாது என்று கூறின. அவை நீக்கப்படவுமில்லை, எவராலும் நினைக்கப்படவுமில்லை. மறக்கப்பட்ட அச்சட்டங்கள் இன்னும் உயிருடன் உள்ளன என்று 1953 ஜூன் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வில்சன் குடும்பம் வாஷிங்டன் சென்ற 1951-இல் இவ்வழக்கு நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருந்தது. இன்னொரு செய்தியையும் குறித்துக்கொள்ளுங்கள். டெரல் அம்மையார் 1863-இல் பிறந்த ஊர் மெம்பிஸ். ஒரே ஊரைச் சேர்ந்த இருவர், ஒரே நகரில், ஏறக்குறைய ஒரே காலத்தில், வெளியூர் வந்தவர்க்கும் உள்ளூரார்க்கும் நியாயம் எது என்ற கேள்வியை இரண்டு வகையாக எழுப்பினார்கள். ஒருவர் அதற்கு வாணிகத்தால் விடை கண்டார். மற்றவர் சட்டத்தால் விடை கண்டார்.

வாஷிங்டன் தீர்ப்பு அந்நகருக்கு மட்டுமே உரியது. நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அப்படி ஒரு சட்டம் முன்பே ஒருமுறை இயற்றப்பட்டதுண்டு. 1875-இல் அமெரிக்கக் காங்கிரஸ், சத்திரம், நாடகக்கொட்டகை, பொது வாகனம் ஆகியவற்றில் இன வேறுபாடு கூடாதென்று விதித்தது. தனியாரின் செயலைக் கட்டுப்படுத்தக் காங்கிரசுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூறி 1883-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. 1875-இல் வகுத்த நீதி மீண்டும் சட்டமாக 89 ஆண்டுகள் ஆயின. மூன்று தலைமுறைக் குழந்தைகள் அதற்குள் வளர்ந்துவிட்டனர்.

1964 ஜூலை 2-ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் இரண்டாம் பகுதி, பயணிகள் தங்கும் விடுதிகளிலும் உணவுக்கூடங்களிலும் திரையரங்குகளிலும் இனம், நிறம், மதம், பிறந்த நாடு என்ற காரணங்களால் எவரையும் மறுக்கக்கூடாது என்றது. உரிமையாளர் தாமே குடியிருந்துகொண்டு ஐந்து அறைகளுக்கு மேற்படாமல் வாடகைக்கு விடும் வீட்டுக்கு விலக்கு அளித்தது. அட்லாண்டாவிலிருந்த 'ஹார்ட் ஆப் அட்லாண்டா' என்னும் 216 அறைகள் கொண்ட மோட்டலின் உரிமையாளர் உடனே வழக்குத் தொடுத்தார். அவர் தாமே வழக்கறிஞர். என் விடுதியில் யாரைத் தங்க வைப்பது என்பது என் விருப்பம் என்றார். விரும்பாதவர்க்கு இடமளிக்கச் சொல்வது தம்மைக் கட்டாய ஊழியத்துக்கு உட்படுத்துவதாகும் என்றும் வாதாடினார். அடிமை முறையை ஒழிக்க எழுந்த அரசியல் சட்டத் திருத்தத்தையே, அடிமைகளின் வழித்தோன்றல்களுக்குக் கதவடைக்க அவர் துணைக்கு அழைத்தார்!

1964 டிசம்பர் 14-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவ்வாதத்தைத் தள்ளினர். நீதிபதி டாம் கிளார்க் தீர்ப்பை எழுதினார். அவ்விடுதியில் தங்கியவர்களில் நூற்றுக்கு 75 பேர் பிற மாநிலத்தவர். மாநிலங்களுக்கிடையே மக்கள் செல்வதும் வாணிகத்தில் அடங்கும். அதனைத் தடைசெய்யும் வழக்கத்தை நீக்கக் காங்கிரசுக்கு அதிகாரம் உண்டு என்பது தீர்ப்பின் அடிப்படை. கறுப்பினப் பயணிகள் தங்க இடமின்றி நெடுந்தூரம் அலைய வேண்டியிருந்ததையும், அவர்களுக்கென்று தனிக் கையேடு ஒன்று தேவைப்பட்டதே அந்தத் துன்பத்துக்குச் சான்று என்பதையும் தீர்ப்பு குறிப்பிட்டது. தபால்காரர் ஒருவர் வெளியிட்ட வகை நூல், ஆயிரக்கணக்கான சாட்சிகளுக்கு ஒப்பான சாட்சியாக நீதிமன்றத்தில் நின்றது. 'கிரீன் புக்' 1966-67-ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றுபோயிற்று. அவர் விரும்பிய முடிவு அதுவே.

மெம்பிஸ் நகரின் கதை இன்னும் முடியவில்லை. அங்கே வால்டர் பெய்லி என்பவர் 1945-இல் ஒரு விடுதியை வாங்கினார். தம் மனைவி லோரியின் பெயரையும் அக்காலத்துப் பாடலொன்றையும் நினைந்து 'லொரைன்' என்று பெயரிட்டார். 'கிரீன் புக்' நூலில் இடம்பெற்ற விடுதிகளில் அதுவும் ஒன்று. வெள்ளையர் விடுதிகளில் இடம் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களும், புகழ்பெற்ற இசைக் கலைஞர்களும் அங்கே தங்கினர். நகரத் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவளிக்க 1968-இல் மெம்பிஸ் வந்த மார்ட்டின் லூதர் கிங் தங்கியதும் அங்கேதான். 1963-இல் வாஷிங்டனில் அவர் ஆற்றிய புகழ்பெற்ற உரையிலும், பயணத்தால் களைத்த உடலுக்குச் சாலையோர விடுதியிலும் நகர ஓட்டலிலும் இடம் கிடைக்காத வரையில் எங்களுக்கு மனநிறைவு இல்லை என்ற கருத்து இடம்பெற்றிருந்தது. 1968 ஏப்ரல் 4-ஆம் நாள் மாலை, 306-ஆம் எண் அறையின் முன் நின்றபோது அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த விடுதி 1991 முதல் குடிமை உரிமைப் போராட்டத்தின் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. விடுமுறையில் மெம்பிஸ் செல்லும் குடும்பங்கள் இன்று அதனைக் காணச் செல்கின்றன.

வரலாற்றில் ஆதாயம் மட்டுமே எழுதப்பட்ட பக்கம் அரிது. எல்லா விடுதிகளின் கதவுகளும் திறந்தபின், கறுப்பினத்தவர் நடத்திய சிறு விடுதிகளும் சுற்றுலா வீடுகளும் விருந்தினரை இழந்தன; பல மூடப்பட்டன. இருண்ட காலத்தில் விளக்கேற்றி வைத்தவர்களின் பிழைப்பு, விடியலில் கெட்டது. விடியலை வரவேற்பதோடு விளக்கேற்றியவர்களை நினைப்பதும் நம் கடமை.

அமெரிக்காவின் குறையைப் பேசி நம்மை மெச்சிக்கொள்வதற்கு இதைச் சொல்லவில்லை. நம் நாட்டிலும் சாதி பார்த்து உணவு விடுதிகளில் இடம் பிரித்த காலம் இருந்தது. சிலர் திண்ணையோடு நிறுத்தப்பட்டார்கள்; சிலருக்குக் குவளையே தனி. 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றால் மட்டும் கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் ஓட்டல்களிலும் பொழுதுபோக்கு இடங்களிலும் எக்குடிமகனுக்கும் தடை இருத்தலாகாது என்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அமெரிக்கச் சட்டத்துக்கு 14 ஆண்டுகள் முந்தியது நமது சட்டம். மனமும் அவ்வாறே முந்தியதா?

பள்ளியில் பணியாற்றிய ஆண்டுகளில் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்வதுண்டு. முன்னதாக ஓர் ஆசிரியரோடு நான் சென்று தங்குமிடத்தைப் பார்த்து வருவேன். தண்ணீர்த் தொட்டி, கழிவறை, மாடியின் கைப்பிடிச் சுவர், கதவின் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் பார்ப்பேன். ஒரு நகரில் ஒரு விடுதியின் எழுத்தர் வாடகையெல்லாம் பேசி முடித்தபின், மெல்லிய குரலில், "பிள்ளைகள் எல்லாரும் எந்தத் தெருப் பிள்ளைகள், சார்?" என்று கேட்டார். "எல்லாரும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்" என்று விடை கூறிவிட்டு, கொடுக்க எடுத்த முன்பணத்தைப் பையிலே வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அறைகள் நல்ல அறைகள்தாம், காற்றோட்டமும் இருந்தது. ஆயினும் 40 பிள்ளைகளில் ஒரு பிள்ளையைக் கூசிக் குறுக வைக்கும் இடம் மற்ற 39 பிள்ளைகளுக்கும் ஏற்ற இடம் ஆகாது. வேறு ஒரு பள்ளியின் வகுப்பறைகளில் பாய் விரித்துப் பிள்ளைகள் உறங்கினார்கள். சுற்றுலா இனிதே நடந்தது.

மாணவ மாணவியர்களே, நாளை நீங்களும் குடும்பத்தோடு நகரம் பார்க்கச் செல்வீர்கள். தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களைச் சேரும். தூய்மையைப் பாருங்கள், பாதுகாப்பைப் பாருங்கள், மொத்தக் கட்டணம் எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு என்பதை முன்னரே தெளிவாகக் கேளுங்கள். இக்கேள்விகளை வில்சன் நமக்குக் கற்பித்தார். இவற்றோடு இன்னும் ஒன்றையும் கேளுங்கள். இந்த விடுதியின் வாசலில் என் குடும்பத்தைப் போலவே வேறு எந்தக் குடும்பமும், என்ன பெயரோடும் என்ன நிறத்தோடும் வந்தாலும், இதே வரவேற்பைப் பெறுமா? இக்கேள்வியை டெரல் அம்மையாரும் தபால்காரர் கிரீனும் நமக்குக் கற்பித்தார்கள். முதற்கேள்விகள் உங்கள் குடும்பத்தின் நலத்துக்கானவை. கடைசிக் கேள்வி நாட்டின் நலத்துக்கானது. இரண்டையும் சேர்த்துக் கேட்கப் பழகியவர்களே கல்வி கற்றவர்கள் என்று நான் கருதுகின்றேன்.